ஒரே மூச்சுப் பதக்கம்

கறுப்புப் பெட்டி என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பெட்டி உண்மையில் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். விசாரணைக் கூட்டத்தில் அதை மேஜைமேல் வைத்துவிட்டு இயக்குநர், "பாருங்க, எவ்வளவு கறுப்பா இருக்கு" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த அதிகாரிகள் கண்ணெதிரே ஆரஞ்சாக இருந்த பெட்டியைப் பார்த்து, நல்ல கறுப்பு, அசல் கறுப்பு என்று தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அவரும் கறுப்பு என்றே ஒப்புக்கொண்டார்.

துணை விமானிகள் சார்பாகக் கடைசி நாற்காலியில் மாப்பிள்ளையை உட்காரவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை என்பது கம்பெனியில் அவனுக்கு நிலைத்துவிட்ட பெயர். கம்பெனியின் மூத்த தலைமை விமானிக்கு அவன் மருமகன். வீட்டோடு மாப்பிள்ளை வேறு. சொந்தப் பெயர் சட்டையில் குத்திய வில்லையில் இருந்தது, அதை யாரும் படிப்பதில்லை.

பெட்டிக்குள் இருந்த ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். கம்பெனியின் விமானம் ஒன்று இறங்க வேண்டிய ஊருக்குச் சற்று முன்னால் மலையில் மோதியிருந்தது. விமானி அறையில் கடைசியாகப் பேசிய பேச்சு அந்தப் பதிவில் இருந்தது. முதலில் துணை விமானியின் குரல் வந்தது.

"சார், மலைப் பக்கம் மேகம் இன்னிக்கு அழகா இருக்குல்ல?"

"ம்."

"சார், சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். இந்த மலை என்ன உயரம் சார் இருக்கும்?"

"இறங்கினதும் சொல்றேன்."

அதற்குப் பிறகு பதிவில் ஒன்றுமில்லை. அந்தத் துணை விமானியும் மாப்பிள்ளையும் ஒரே வகுப்பில் பயிற்சி எடுத்தவர்கள். மலை எவ்வளவு உயரம் என்று அந்தத் துணை விமானிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைத் தலைமை விமானியின் மனம் கோணாமல் சொல்லத்தான் கடைசி நிமிஷம் வரை பாடுபட்டிருக்கிறான்.

இயக்குநர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இவ்வளவு தெரிஞ்சவன் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே? நம்ம கம்பெனியில யார் வேணா யார்கிட்ட வேணா எது வேணா பேசலாம். இதுல யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?"

யாருக்கும் இல்லை.

"தயங்காம சொல்லுங்க. நான் கேட்டுக்கத்தான் உக்காந்திருக்கேன்."

பாதுகாப்புப் பிரிவில் இருந்த ஒரு பெண் அதிகாரி, "சார், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தார். "நான் இன்னும் முடிக்கலைம்மா" என்றார் இயக்குநர். அவர் முடித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அந்தச் சின்ன விஷயம் என்ன என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தின் முடிவு வெளியானது. துணை விமானிகள் வாய் திறக்காததற்குக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்நியராக இருப்பதுதான். சொந்தக்காரர் என்றால் வாய் தானாகத் திறக்கும். ஆகவே இனிமேல் கூடியவரை சொந்தக்காரர்களையே ஜோடி சேர்த்துப் பறக்கவிடுவது. திட்டத்துக்கு 'உறவே பாதுகாப்பு' என்று பெயர். சுவரொட்டியில் ஒரு குடும்பம் விமானத்தின் இறக்கை மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார்.

"ஒரு மாமனாருக்கு எதிர்ல கால் மேல கால் போட்டு உக்காந்து, 'இது சரியில்ல'ன்னு சொல்ற தைரியம் உலகத்துல யாருக்கு உண்டு? மாப்பிள்ளைக்குத்தான் உண்டு. மாமனார் வாயைப் பொத்திக்கிட்டு யார் சொல்றதைக் கேப்பார்? மாப்பிள்ளை சொல்றதைத்தான். வேணும்னா என் மாமனாரைக் கேட்டுப் பாருங்க."

அவருடைய மாமனார்தான் கம்பெனி முதலாளி. அவரைப் போய் யார் கேட்பது?

"கம்பெனி முழுக்கத் தேடினோம். சகலைகள் கிடைச்சாங்க, சித்தப்பா பையன் கிடைச்சான். ஆனா மாமனார் மாப்பிள்ளை ஜோடி ஒண்ணே ஒண்ணுதான். எழுந்திரிங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை எழுந்தான். அரங்கம் கைதட்டியது. முதல் வரிசையில் அவனுடைய மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலும் வெளியிலும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். கையில் பிடித்தால் விமானம் நாய்க்குட்டி மாதிரி கேட்கும். அதில் பொய்யில்லை. நல்ல வெயிலில் அவர் இறக்கினால் தூங்குகிற பயணி விழிக்க மாட்டான். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் குறுக்கே ஒரு சொல் பேசியதில்லை. மாப்பிள்ளையை அவர் தேர்ந்தெடுத்ததே அந்த அடிப்படையில்தான். "பையன் ரெண்டு வருஷமா என் பக்கத்துல உக்காந்து பறக்கறான். இது ஏன்னு ஒரு நாள் கேட்டதில்ல" என்று சொல்லித்தான் பெண்ணைக் கொடுத்தார். ஆக, எதிர்த்துப் பேச மாட்டான் என்பதற்காக மாப்பிள்ளை ஆனவனை, மாப்பிள்ளையாயிற்றே, எதிர்த்துப் பேசுவான் என்று கம்பெனி அவர் பக்கத்தில் உட்காரவைத்தது.

மாமியார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்ட அந்த வீட்டில் பெரியவர், அவர் பெண், மாப்பிள்ளை, பெண்ணின் தம்பி என்று நான்கு பேர். தம்பியும் அப்பாவைப் பார்த்துத் துணை விமானி ஆனவன்தான். சாப்பாட்டில் உப்பில்லை என்றால் பெரியவர் சொல்லும்வரை ஆண்கள் இருவரும் மென்று முழுங்குவார்கள். பெண் மட்டும் விதிவிலக்கு. "அப்பா, டிவி சத்தத்தைக் குறை. தலை வலிக்குது" என்பாள். அவர் குறைத்துவிடுவார். மாப்பிள்ளைக்கு இது தினசரி அதிசயம்.

"உன்னால மட்டும் எப்படி முடியுது?" என்று அவளிடம் ஒருநாள் கேட்டான்.

"இதுல என்ன இருக்கு? சத்தம் ஜாஸ்தி, குறைன்னு சொன்னேன். நீங்களும் சொல்லிப் பாருங்க. கடிச்சா திங்கப் போறார்?"

சொல்லிப் பார்க்கத்தான் ஆசை. ஜோடி சேர்த்தபின் விமானி அறையில் முதல் நாள், "மாமா, வானிலை அறிக்கை" என்று ஆரம்பித்தவனைப் பெரியவர் கையமர்த்தினார். "இங்க நான் உனக்கு மாமா இல்ல. கேப்டன்." சரி, வீட்டில் பேசலாம் என்று சாப்பாட்டு மேஜையில் எடுத்தான். "வீட்டுல ஆபீஸ் விஷயம் எதுக்கு மாப்பிள்ளை?" என்றார், ரொம்ப மரியாதையாக. வீட்டுக்கும் விமானத்துக்கும் நடுவே கம்பெனி வேன் ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் தூங்குவார்.

இதற்கு நடுவில் பெரியவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. கூடவே பதக்கமும் நெருங்கியது.

விமானம் இறங்கும்போது வேகம் அதிகம், உயரம் அதிகம், ரன்வே தெரியவில்லை, இப்படி ஏதாவது சரிப்படவில்லை என்றால் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்குவார்கள். அதற்குத்தான் கோ அரவுண்ட் என்று பெயர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று புத்தகத்தில் இருந்தது. கம்பெனிக்கு வெட்கமாக இருந்தது. மேலே ஏறினால் எரிபொருள் செலவு, நேரம் தாமதம், பயணிகளின் முணுமுணுப்பு. எனவே பணிக்காலம் முழுக்க ஒரு தடவைகூட மேலே ஏறாத தலைமை விமானிக்கு 'ஒரே மூச்சுப் பதக்கம்' என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. வாங்கியவர்களின் படங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்கின. சில படங்களுக்கு மாலை போட்டிருந்தது. அவர்களும் ஒரே மூச்சில் இறக்கியவர்கள்தான். எங்கே இறக்கினார்கள் என்று படத்தின் கீழே எழுதவில்லை.

துணை விமானிகளுக்கு எதிர்த்துப் பேசும் பயிற்சி வகுப்பும் தொடங்கியது. வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். கரும்பலகை ஓரத்தில் வகுப்பை மேற்பார்வையிடப் பெரியவரை உட்காரவைத்திருந்தார்கள்.

"எதிர்த்துப் பேசறதுல மூணு படி இருக்கு" என்றார் ஆலோசகர். "முதல் படி, ஜாடை. கேப்டன் மனசு நோகாம விஷயத்தைத் தொட்டுக் காட்டணும். கேக்கலைன்னா ரெண்டாவது, விண்ணப்பம். அதுக்கும் கேக்கலைன்னா மூணாவது, வருத்தம் தெரிவித்தல். எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க: 'இப்படியே போனால் நாம் அனைவரும் இறந்துவிடக்கூடும் என்று எனக்குத் தோன்றுவதற்காக மிகவும் வருந்துகிறேன்.'"

வகுப்பு மொத்தமும் சொன்னது. மாப்பிள்ளை கையைத் தூக்கினான். "மூணாவது படி வரைக்கும் போக நேரம் இல்லைன்னா சார்?"

"மரியாதைக்கு நேரம் ஒதுக்கித்தான் ஆகணும்" என்றார் ஆலோசகர்.

செய்முறைப் பயிற்சிக்குப் பெரியவர் எழுந்து நின்றார். "இப்ப நான் ஒரு தப்பான முடிவு எடுக்கறேன். என்னை எதிர்த்துப் பேசுங்க. இது என் உத்தரவு." எல்லோரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். அவருடைய மகன், மாப்பிள்ளையின் மச்சான், மெதுவாக எழுந்தான். "நீங்க எடுத்தா அது தப்பான முடிவா இருக்காதுங்க சார்" என்றான். அவனுக்கு முதல் பரிசு கிடைத்தது.

நல்ல பையன் அவன். அதுதான் சங்கடம். முப்பதை நெருங்கியும் அப்பா அறைக்குள் நுழைந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

அப்புறம் ஒரு மழை நாள் வந்தது. பெரியவர் விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மாப்பிள்ளை. உயரமும் அதிகம், வேகமும் அதிகம். இந்த ரன்வேயின் நீளத்துக்குள் இது இறங்கி நிற்காது என்று மாப்பிள்ளைக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. முதல் படியில் கால் வைத்தான்.

"சார், ரன்வே நல்லாத் தெரியுது சார். கீழ, ரொம்பக் கீழ தெரியுது."

"ம்."

"சார், ஒரு விண்ணப்பம். வேகம் கொஞ்சம் உற்சாகமா இருக்கு."

"என் வேகம் எனக்குத் தெரியும்."

"இப்படியே போனால் நாம் அனைவரும்" என்று தொடங்கினான். வாக்கியம் நீளமாக இருந்தது. ரன்வே அதைவிடக் குட்டையாக இருந்தது. பாதி ரன்வே காலடியில் ஓடிப்போயிற்று, சக்கரம் இன்னும் தரையைத் தொடவில்லை. எதிரே வேலி தெரிந்தது. பின்னால் நூற்றுக்கணக்கான பேர் பெல்ட் போட்டுக்கொண்டு இவனை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கை அவனைக் கேட்காமலே போய்ப் பெரியவரின் கையைத் தள்ளிவிட்டு எஞ்சின் நெம்புகோலை முன்னால் அழுத்தியது. "மேலே போறோம்" என்றான். விமானம் உறுமிக்கொண்டு ஏறியது.

பெரியவர் விமானத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். சுற்றி வந்து இரண்டாவது தடவை அழகாக இறக்கினார். பயணிகள் கைதட்டினார்கள். வேனில் அவர் அன்றைக்குத் தூங்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

"அப்பா, இவர் உன்னைக் காப்பாத்தியிருக்கார்" என்றாள் பெண், வீட்டில்.

"என் இத்தனை வருஷத்தை ஒரே தட்டுல தட்டிவிட்டுட்டார்" என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியதை மாப்பிள்ளை அன்றுதான் பார்த்தான். பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. செத்துப்போயிருந்தால் பரவாயில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

விசாரணை நடந்தது. இயக்குநர் முகம் மலர்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"நெம்புகோலை அழுத்தின கை யாரோடது? மாப்பிள்ளையோடது. ஆக, பெரியவர் மேலே ஏறல. அவர் ஏத்தப்பட்டார். பதக்கத்துக்கு ஒரு பங்கமும் இல்ல."

அதிகாரிகள் மேஜையைத் தட்டி மகிழ்ந்தார்கள்.

"அப்ப நான் பண்ணது சரிதானே சார்?" என்றான் மாப்பிள்ளை.

"எப்படிச் சரி? விமானம் பத்திரமா இறங்கிடுச்சு. ஆக, ஆபத்து இருந்ததுக்கு ஆதாரமே இல்ல. வேலியில மோதியிருந்தா உங்க பக்கம் நியாயம் இருந்திருக்கும்."

மாப்பிள்ளைக்குப் பறக்கும் அனுமதி நிறுத்தப்பட்டது. மரியாதைப் பயிற்சியை முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். பெரியவரின் வழியனுப்பு விமானத்துக்கு வேறு துணை விமானி போடப்பட்டான். வகுப்பில் முதல் பரிசு வாங்கியவன், அவருடைய சொந்த மகன். உறவே பாதுகாப்பு என்ற திட்டத்தின் உச்சம் இதுதான் என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார்.

சுற்றறிக்கையைப் படித்த கையோடு மாப்பிள்ளை மச்சானை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், சரிப்படலைன்னா வேற ஒண்ணும் சொல்ல வேணாம். படி, ஜாடை எதுவும் வேணாம். 'மேலே'ன்னு ஒரு சொல். அது வரலைன்னா கையைப் போட்டுடு."

"அப்பா கையை நான் தள்ளிவிடறதா அத்தான்?" மச்சான் சிரித்தான். அவனுக்கு அது நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியமாக இருந்தது. "எங்கப்பா இறக்கிடுவார் அத்தான். நீங்க ஏன் இப்படிப் பயப்படறீங்க?"

மாப்பிள்ளை இயக்குநரிடம் போனான். வெளியே வெகுநேரம் காக்கவைத்து உள்ளே விட்டார்கள்.

"சார், அந்தப் பையன் வாயைத் திறக்க மாட்டான். வேற யாரையாவது போடுங்க."

"இப்ப நீங்க எந்தப் படியில பேசறீங்க? ஜாடையா, விண்ணப்பமா?"

"நேராப் பேசறேன் சார்."

"அப்படி ஒரு படி இல்லையே" என்று இயக்குநர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

குடும்பத்துக்கு இரண்டு இருக்கைகள் ஒதுக்கியிருந்தார்கள். போக வேண்டாம் என்று மனைவியிடம் மன்றாடினான். "அப்பா கடைசியா ஓட்டற ஃப்ளைட். நான் இல்லைன்னா அவர் தாங்க மாட்டார்" என்றாள். அவளைத் தனியாக அனுப்பிவிட்டுத் தரையில் நிற்க மாப்பிள்ளையால் முடியவில்லை. அவனும் ஏறினான்.

வழியனுப்பு விமானத்தில் கம்பெனிக்கு ஒரு சடங்கு உண்டு. இறங்கும்போது விமானி அறையின் பேச்சைப் பயணிகள் எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் விடுவார்கள். முதல் வரிசையில் இயக்குநர் பதக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அதிகாரிகள். பின்னால் விமானம் நிறையப் பயணிகள். ஜன்னலில் மழைத்தண்ணீர் கோடு கோடாக ஓடியது.

ஒலிபெருக்கி கரகரத்தது. மச்சானின் குரல்.

"சார், ரன்வே இன்னிக்குச் சின்னதாத் தெரியுதுல்ல?"

"ம்."

இயக்குநர் பின்னால் திரும்பி, "பெத்த அப்பாவை சார்ங்கறான். என்ன பணிவு பாருங்க" என்றார். பயணிகள் ரசித்துச் சிரித்தார்கள்.

"சார், காத்து பின்னாடியிருந்து நம்மளைத் தள்ளுது போல. நல்ல காத்து சார்."

கைதட்டல். மாப்பிள்ளைக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, ரன்வே நனைந்திருக்கிறது, வேகம் குறையவில்லை. பையன் ஜாடையில் கத்திக்கொண்டிருக்கிறான். அந்த விமானத்தில் அது கத்தல் என்று புரிந்தது இவன் ஒருவனுக்குத்தான்.

இல்லை, இன்னொருத்திக்கும் புரிந்தது. மனைவி அவன் கையைப் பிடித்தாள். "அவன் ஏன் இப்படிப் பேசறான்? அவன் பயந்தா மட்டும்தான் இப்படிச் சிரிச்சுக்கிட்டே பேசுவான்."

"இது நிக்காது" என்றான் மாப்பிள்ளை. "மேலே போகணும்."

அவள் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினாள். "அப்பா, மேலே போ! அப்பா!" வீட்டில் அவள் சொன்னால் அவர் கேட்பார். ஆனால் அந்த ஒலிபெருக்கிக்கு வாய்தான் இருந்தது, காது இல்லை.

மாப்பிள்ளை பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னால் ஓடினான். பணிப்பெண் வழி மறித்தாள். "உக்காருங்க சார், இறங்கப் போறோம்."

"அந்த போனைக் கொடும்மா. உள்ளே ஒரே ஒரு சொல் பேசணும்."

அவள் இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் அவனைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்களுக்குப் பறக்கற அனுமதியே நிறுத்தி வெச்சிருக்கு. நீங்க இப்ப வெறும் பயணி. பயணி மாதிரி நடந்துக்கங்க."

"சார், எல்லாரும் சாகப் போறோம் சார்."

"முதல்ல வருத்தம் தெரிவிங்க" என்று ஓர் அதிகாரி எடுத்துக் கொடுத்தார்.

ஒலிபெருக்கியில் மச்சான் இரண்டாவது படிக்கு வந்திருந்தான். "சார், ஒரு விண்ணப்பம்."

"என்னடா?"

விமானத்தில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மழைச் சத்தம் கேட்டது. பையன் மூச்சு விடுவது கேட்டது.

"ஒண்ணுமில்லப்பா."

மாப்பிள்ளை பயணிகள் பக்கம் திரும்பினான். "குனியுங்க! தலையை முட்டியில வெச்சு ரெண்டு கையாலயும் கட்டிக்கங்க! யாரும் நிமிராதீங்க!" அவனுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அவனுக்கே தெரியாது. வரிசை வரிசையாகத் தலைகள் இறங்கின. மனைவியும் குனிந்தாள். "இது யார் உத்தரவு?" என்று கேட்டபடி இயக்குநர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை காலியாக இருந்த இருக்கையில் விழுந்து பெல்ட்டை இழுத்தான்.

சக்கரம் ரன்வேயின் நடுவையும் தாண்டித்தான் தரையைத் தொட்டது. தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரன்வே முடிந்தது, புல் வந்தது, வேலி வந்தது. விமானத்தின் மூக்கு விமான நிலையத்தின் வெளிச்சுவரில் வலது பக்கமாகப் போய் இடித்து நின்றது.

குனிந்திருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். இயக்குநருக்குக் கழுத்து பிசகியது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வலது பக்க இருக்கையில் மச்சான் உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே எடுக்கச் சுவரை உடைக்க வேண்டியிருந்தது.

அவனுடைய காரியங்கள் முடிந்தபின் மாப்பிள்ளையும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெரியவர் மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். பெண் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசியவள் இப்போது பேச்சை விட்டுவிட்டாள்.

"மாப்பிள்ளை" என்றார் பெரியவர். "அவன் என்னவோ சொல்ல வந்தான். என்னடான்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டான். என்ன சொல்ல வந்திருப்பான்?"

"மேலே போகச் சொல்ல வந்தான் மாமா."

பெரியவர் தலையை அவன் பக்கம் திருப்பினார். "அதுக்கென்ன, சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். மாப்பிள்ளைக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றான்.

கதவு திறந்தது. கழுத்துப் பட்டையோடு இயக்குநர் வந்தார், பின்னால் அதிகாரிகள், பூச்செண்டு, பதக்கப் பெட்டி.

"விதிகளை முழுக்கப் பரிசீலிச்சோம்" என்றார் இயக்குநர். "மேலே ஏறக்கூடாதுங்கறதுதான் விதி. நீங்க ஏறல. ஒரே மூச்சில இறக்கினீங்க. எங்க நிறுத்தணும்னு விதியில இல்ல. உங்க பையனோட பணிவு காலத்துக்கும் நிக்கும். அவன் பேர்ல வருஷா வருஷம் துணை விமானிகளுக்கு ஒரு பரிசு குடுக்கப் போறோம்."

ஆஸ்பத்திரி அங்கியில் பதக்கத்தைக் குத்தினார். துணி மெல்லியதாக இருந்ததால் பதக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதிகாரிகள் கைதட்டினார்கள், நோயாளி இருக்கும் அறை என்பதால் சன்னமாக.

"பெரியவர் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் இயக்குநர்.

அதிகாரிகள் கட்டிலைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே முகங்களில் சம்மதம் வந்து உட்கார்ந்துவிட்டது. பெரியவர் பதக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் நின்ற பெண் திரும்பினாள்.

"என் பையனை நான்தான் கொன்னுட்டேன்" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார்கள் அதிகாரிகள் ஒரே குரலில்.

பெரியவர் தலையை லேசாகத் தூக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்படியில்லை என்று யாராவது ஒருவர் மறுத்துச் சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தலைகள் மரியாதையாக ஆடிக்கொண்டிருந்தன. கடைசியில் அந்தப் பார்வை மாப்பிள்ளையிடம் வந்து நின்றது. மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.